கிளட்ச் ஏன் கருகியது?

பழுதான தானியங்கி கியர்பெட்டியைப் பிரித்தால் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது கருகிய கிளட்ச் தட்டுகள்தான். காகித இழையால் ஆன பழுப்பு நிற உராய்வுப் பரப்பு கரியாகி உதிர்ந்திருக்கும். அதையடுத்த எஃகுத் தட்டுகளில் நீலமும் கறுப்புமாகச் சூட்டுத் தழும்புகள் தெரியும். வடித்தெடுத்த எண்ணெயில் தீய்ந்த வாடை அடிக்கும். புதிய தட்டுகளை அடுக்கி, ரப்பர் சீல்களை மாற்றி, பெட்டியை மூடிவிட்டால் வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் சில மாதங்களில் அதே தட்டுகள் அதே இடத்தில் மறுபடியும் கருகும். தட்டு கருகியது விளைவுதான். அதைக் கருக வைத்த காரணம் பெட்டிக்குள் வேறெங்கோ அப்படியே இருக்கிறது. அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் மெக்கானிக்கும் தட்டை மட்டும் மாற்றிக் கொடுக்கும் மெக்கானிக்கும் ஒரே பெயரில் அழைக்கப்படுகிறார்கள், ஏறத்தாழ ஒரே கூலியும் பெறுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாளாக ஆறாத வருத்தம். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த வருத்தமே.

டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள நோவி, ட்ராய், ஃபார்மிங்டன் ஹில்ஸ் போன்ற ஊர்களில் கார்த் துறையில் பணிபுரியும் தமிழர்கள் நிறைய உண்டு. நானும் அவர்களில் ஒருவன். ஒரு கியரிலிருந்து அடுத்த கியருக்கு மாறும் அந்த அரை விநாடிக்குள் எண்ணெய் அழுத்தம் எப்படி ஏறி இறங்க வேண்டும் என்று கணினியில் கணக்கிடுவது என் அலுவலக வேலை. அந்தக் கணக்கு உலோகமாகவும் ரப்பராகவும் எண்ணெயாகவும் மாறிப் பல ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதைப் பார்க்க விரும்பித்தான், நகரத்தின் மேற்குப் புறத்தில் கியர்பெட்டிகளை மட்டுமே பழுது பார்க்கும் ஒரு சிறிய பட்டறைக்குச் சனிக்கிழமைகளில் போகத் தொடங்கினேன். அதை நடத்தும் பெரியவர் வாழ்நாள் முழுவதும் இந்த ஒரே வேலையைச் செய்தவர். முதலில் ஓர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பாகங்களைக் கழுவிக் கொடுக்கும் அளவுக்கு அவர் என்னை அனுமதித்தார்.

இந்த வட்டாரத்தில் இத்தொழில் வேரூன்றியதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பெருமளவில் உற்பத்தியான முதல் முழுத் தானியங்கி கியர்பெட்டியான ஹைட்ராமேட்டிக்கை ஜெனரல் மோட்டார்ஸ் 1939ஆம் ஆண்டின் இறுதியில், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் வெளியிட்டது. முன்னோக்கிச் செல்ல நான்கு கியர்கள், எஞ்சினோடு இணைக்க எண்ணெய் நிரம்பிய ஒரு கப்ளிங், எப்போது மாற வேண்டும் என்பதை அழுத்தத்தாலேயே தீர்மானிக்கும் வால்வுகள் ஆகியவை அதில் இருந்தன. மின்னணுவியல் என்று ஏதும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் எம்5 ஸ்டூவர்ட், எம்24 சாஃபி டாங்குகளிலும் இதே ஹைட்ராமேட்டிக்தான் பொருத்தப்பட்டது. போருக்குப் பின் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனமே உரிமம் பெற்று இதைத் தன் கார்களில் பயன்படுத்தியது. 1953 ஆகஸ்ட் 12 அன்று, டெட்ராய்ட்டை ஒட்டிய லிவோனியாவில் இதைத் தயாரித்த ஆலை தீப்பிடித்து முற்றிலுமாக அழிந்தது. உற்பத்தி, போர்க்காலத்தில் ஃபோர்டு நிறுவனம் பி-24 குண்டுவீச்சு விமானங்களைக் கட்டிய வில்லோ ரன் ஆலைக்கு மாறி, 2010 வரை அங்கே கியர்பெட்டிகள் தயாராயின. அவற்றைப் பிரித்துச் சரிசெய்யும் கைகளும் ஆலைகளைச் சுற்றியே பெருகியதில் வியப்பில்லை.

எந்தப் பெட்டியைக் கொண்டு இந்த வேலையை விளக்கலாம் என்று யோசித்தால், அமெரிக்காவின் கியர்பெட்டிப் பட்டறைகளில் அனைவருக்கும் கைப்பழக்கமான 4எல்60-இ தான் நினைவுக்கு வருகிறது. 1982 மாடல் ஆண்டில் 700ஆர்4 என்ற பெயரில் வந்து, பின்னர் 4எல்60 ஆகி, 1993 முதல் மின்னணுக் கட்டுப்பாட்டோடு பிக்கப் லாரிகளிலும் பெரிய குடும்ப வண்டிகளிலும் ஏராளமாகப் பொருத்தப்பட்ட பெட்டி இது. முதல் கியரின் விகிதம் 3.06, இரண்டாவது 1.63; மூன்றாவதில் உள்ளே வரும் சுற்றும் வெளியே போகும் சுற்றும் சமம்; நான்காவது 0.70. இத்தனை விகிதங்களும் இரண்டு பிளானெட்டரி கியர் தொகுதிகளிலிருந்தே கிடைக்கின்றன. ஒவ்வொரு தொகுதியிலும் நடுவே ஒரு சூரியப் பற்சக்கரம், அதைச் சுற்றிச் சிறு பற்சக்கரங்களைத் தாங்கும் ஒரு கேரியர், வெளியே உட்பல் கொண்ட ஒரு வளையம். இவற்றில் எதைச் சுழல விடுவது, எதை அசையாமல் பிடித்து நிறுத்துவது என்பதைப் பொறுத்து விகிதம் மாறும். சுழற்றுவதையும் பிடித்து நிறுத்துவதையும் கிளட்ச் தொகுப்புகளும், டிரம்மைச் சுற்றி இறுக்கும் ஒரு பட்டையும், ஒரு திசையில் மட்டும் சுழல விடும் கிளட்ச்சுகளும் பகிர்ந்து செய்கின்றன. கிளட்ச்சையும் பட்டையையும் இயக்குவது எண்ணெய் அழுத்தம் ஒன்றுதான். ஆகவே அழுத்தம் எங்கே கசிகிறதோ அங்கேதான் பழுதின் மூலம் இருக்கும்.

இந்தப் பெட்டியில் அடிக்கடி கருகுவது மூன்றாவது, நான்காவது கியர்களுக்குப் பொதுவான கிளட்ச். அது ஏன் கருகுகிறது என்று தேடிப் போகும்போதுதான் தேர்ந்த மெக்கானிக் யார் என்பது தெரிய வரும். இரண்டாவது கியரில் வண்டி போகும்போது பட்டை டிரம்மை இறுக்கிப் பிடித்திருக்கிறது. மூன்றாவதுக்கு மாறும் கணத்தில் பட்டை தளர வேண்டும், கிளட்ச் பிடிக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று முந்தாமல் நடப்பதற்காக, கிளட்ச்சை அழுத்தப் போகும் அதே எண்ணெயின் ஒரு கிளை, பட்டையை இயக்கும் சர்வோ பிஸ்டனின் மறுபுறத்துக்குப் போய் அதைத் தளர்த்துகிறது. அந்த வழியில், பெட்டியின் அலுமினியக் கூட்டிலேயே அழுத்திச் செருகிய ஒரு சிறு உலோகக் குப்பி இருக்கிறது. அதனுள்ளே ஓர் எஃகுக் குண்டு. எண்ணெய் அழுத்தம் வந்ததும் குண்டு நகர்ந்து வடிகால் துளையை அடைக்க வேண்டும். அந்தக் குப்பி தன் இருப்பிடத்தில் மயிரிழை தளர்ந்துவிட்டாலோ, குண்டு உட்காரும் விளிம்பு தேய்ந்துவிட்டாலோ, கிளட்ச்சுக்குப் போக வேண்டிய அழுத்தம் அந்த வழியே ஒழுகிவிடும். கிளட்ச் முழு இறுக்கம் பெறாமல் வழுக்கிக்கொண்டே பிடிக்கும். வழுக்கினால் சூடு, சூடானால் கரி.

பெரியவர் அந்தக் குப்பியைச் சோதிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கழுவிக் காய வைத்த வெறுங்கூட்டை மேசையில் நிறுத்தி, சர்வோ அமரும் துளையில் கரைப்பானை ஊற்றுவார். பிறகு கைவிளக்கைக் கூட்டின் உட்புறம் பிடித்து, அங்கே ஈரம் படர்கிறதா என்று காத்திருப்பார். அவசரமே படமாட்டார். ஒரு முறை, துடைத்து வைத்த சாம்பல் நிற அலுமினியத்தில் கடுகளவு ஈரப்புள்ளி மெல்லத் தோன்றி, விரிந்து, ஒரு கோடாகக் கீழே வழிந்தது. அந்த வண்டி அதற்கு முன் வேறொரு பட்டறையில் கிளட்ச் மாற்றப்பட்டு, அதே கோளாறோடு திரும்பி வந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. குப்பியின் விலை மிகச் சொற்பம். பழையதை இழுத்தெடுத்துப் புதியதைச் சரியான ஆழத்துக்கு அடித்து இறக்க ஆகும் நேரமும் அதிகமில்லை. அதைச் சந்தேகிக்கத் தெரிவதற்குத்தான் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும்.

பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடுவதும் உண்டு. முதல் கியரும் மூன்றாவது கியரும் ஒழுங்காக வேலை செய்கின்றன, ஆனால் இரண்டாவதும் நான்காவதும் ரிவர்ஸும் இல்லை என்று ஒருவர் சொன்னால், பெரியவர் தலையசைத்துவிட்டு ஒரே ஒரு பாகத்தின் பெயரைச் சொல்வார். சூரியப் பற்சக்கரத்தோடு இணைந்திருக்கும், மணி வடிவிலான எஃகுக் கவசம் அது. இல்லாமல்போன மூன்று கியர்களுக்கும் பொதுவானது அந்தக் கவசம் மட்டுமே. அதன் கழுத்து விரிந்தாலோ உட்பற்கள் மழுங்கினாலோ மூன்றும் ஒரே நாளில் போய்விடும், மற்ற இரண்டுக்கும் ஒன்றும் ஆகாது. எந்தக் கியரில் எந்தப் பாகம் பிடிக்கிறது, எது சும்மா சுழல்கிறது என்ற அட்டவணையை மனத்தில் வைத்துக்கொண்டு, இருப்பதையும் இல்லாததையும் கழித்துப் பார்ப்பதே இந்த முறை. நாங்கள் அலுவலகத்தில் மென்பொருளைக் கொண்டு செய்யும் அதே தர்க்கத்தை, வாடிக்கையாளர் பேசி முடிப்பதற்குள் அவர் செய்து முடித்துவிடுவார்.

இன்னொரு கோளாறு இன்னும் நுட்பமானது. டார்க் கன்வெர்ட்டர் என்பது எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே எண்ணெயின் வேகத்தாலேயே விசையைக் கடத்தும் உருண்டையான பாத்திரம். நெடுஞ்சாலையில் அதிலுள்ள வழுக்கலை நீக்க, உள்ளேயே ஒரு கிளட்ச் இருக்கிறது. பழைய 4எல்60-இ பெட்டிகளில் அந்தக் கிளட்ச் சரியாகப் பிடிக்காதபோது கணினி பி1870 என்ற குறியீட்டைக் காட்டும். குறியீட்டைப் படித்தவுடன் கன்வெர்ட்டரையோ, மின்சாரத்தால் இயங்கி எண்ணெய் வழியைத் திறந்து மூடும் சொலினாய்டையோ மாற்றச் சொல்பவர்கள் பலர். உண்மையில் அங்கே பெரும்பாலும் தேய்ந்திருப்பது, வால்வுகளும் எண்ணெய் வழிகளும் அடங்கிய வால்வு பாடிக்குள் அந்தக் கிளட்ச்சின் அழுத்தத்தை ஒழுங்குபடுத்தும் வால்வு அமர்ந்திருக்கும் துளை. விநாடிக்குப் பல தடவை துடிக்கும் அந்த எஃகு வால்வு, மென்மையான அலுமினியத் துளையை ஆண்டுக்கணக்கில் அரைத்துக்கொண்டே இருக்கிறது. கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெற்றிடப் பம்பை இணைத்து, வெற்றிடம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். தேய்ந்திருந்தால் துளையை ரீமரால் சீராகப் பெரிதாக்கி, அதற்கேற்ற வால்வையோ ஸ்லீவையோ பொருத்த வேண்டும். குறியீடு எங்கே தேட வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. என்ன பழுது என்று அது சொல்வதே இல்லை.

மறுபடியும் பூட்டும் வேலை வேறு விதமான பொறுமையைக் கேட்கிறது. முதலில் சுத்தம். பட்டறைகளில் வழக்கமாகக் கை துடைக்கும் பஞ்சுக் கழிவை அந்த மேசைக்கு அருகில்கூட விடமாட்டார், ஏனென்றால் ஒரே ஒரு நூலிழை போதும், வால்வு துளையில் சிக்கிக்கொள்ள. சிறு எஃகுக் குண்டுகளை அவற்றின் குழிகளில் விழாமல் நிறுத்தி வைக்கச் சாதாரண கிரீஸைப் பயன்படுத்தமாட்டார். எண்ணெயில் கரைந்துபோகும் வாசலின்தான். புதிய உராய்வுத் தட்டுகள் எண்ணெயில் நன்றாக ஊறிய பிறகே உள்ளே போகும். தண்டின் மேல் அமரும் டெஃப்லான் வளையங்கள் இன்னும் கடினமானவை. கூம்பு வடிவக் கருவியின் மீது தள்ளி, வளையத்தை விரித்து, அதன் பள்ளத்தில் இறக்கிய பிறகு, விரிந்த வளையம் பழைய அளவுக்குச் சுருங்கும்வரை இன்னொரு உறையைப் போட்டு விட்டுவைக்க வேண்டும். பொறுமையில்லாமல் அப்படியே டிரம்முக்குள் செருகினால் வளையத்தின் ஓரம் சீவப்பட்டுவிடும். வெளியே தெரியவே தெரியாத அந்தச் சீவல், முன்பு சொன்ன குப்பியைப் போலவே அழுத்தத்தை ஒழுக விட்டு, அதே கிளட்ச்சைக் கருக்கிவிடும்.

ஒவ்வொரு கிளட்ச் தொகுப்பையும் அடுக்கியதும் மெல்லிய தகடுகளாலான ஃபீலர் கேஜால் இடைவெளியை அளந்து, தேவைப்பட்டால் வேறு கனமுள்ள தட்டைப் போட்டு மீண்டும் அளப்பார். அதன் பின் அமுக்கப்பட்ட காற்றை அதற்குரிய துளையில் செலுத்துவார். நான் மிகவும் விரும்பிக் காத்திருக்கும் தருணம் இது. சீல்கள் நன்றாக இருந்தால், பிஸ்டன் நகர்ந்து தட்டுகளை ஒன்றாக நெருக்கும்போது அழுத்தமான, குறுகிய ஒரு ‘தொப்’ எழும். காற்றை நிறுத்தியதும் ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளும் ஓசை கேட்கும். எங்கேனும் கசிந்தால் ‘தொப்’ மந்தமாகி, அதன் பின்னே ‘உஸ்’ என்று இழுக்கும். ஓரளவு கசிவு எந்தப் பெட்டியிலும் இருக்கும். எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு எந்தக் கையேட்டிலும் எண் இல்லை. அவர் அதைக் காதால் தீர்மானிக்கிறார். சந்தேகம் வந்தால், பூட்டியதையெல்லாம் மீண்டும் பிரிப்பதற்கு அவர் ஒருபோதும் தயங்கிப் பார்த்ததில்லை.

பெட்டி முடிந்த பின்னும் வேலை முடிவதில்லை. பழைய பெட்டி கருகியபோது உதிர்ந்த துகள்களெல்லாம் எண்ணெயோடு சுற்றி வந்தவை. அவற்றில் ஒரு பங்கு டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும், இன்னொரு பங்கு ரேடியேட்டரோடு சேர்ந்த ஆயில் கூலரின் குழாய்களுக்குள்ளும் தங்கியிருக்கும். பற்றவைத்து மூடப்பட்ட கன்வெர்ட்டரை வீட்டு முற்றத்தில் கழுவிவிட முடியாது. அதற்கென்றே இருக்கும் பட்டறையில் அறுத்துத் திறந்து, சுத்தம் செய்து, மீண்டும் பற்றவைத்து, சமநிலை பார்க்க வேண்டும், அல்லது அப்படிச் செய்த ஒன்றை வாங்க வேண்டும். கூலரில் எதிர்த்திசையில் கரைப்பானைச் செலுத்தி, எண்ணெய் தடையின்றி ஓடும் அளவையும் சரிபார்க்க வேண்டும். அருமையாகப் பூட்டிய பெட்டி இந்த ஒரு வேலையைத் தவிர்த்ததனாலேயே வீணாவதுண்டு. கன்வெர்ட்டரைப் பெட்டியில் ஏற்றும்போதும் கவனம் வேண்டும். மெல்லச் சுழற்றிக்கொண்டே தள்ளினால், ஒவ்வொரு இணைப்பிலும் பற்கள் பொருந்தும்போது அது படிப்படியாக உள்ளே இறங்கும். கடைசிப் படி இறங்காமல் போல்ட்டுகளை இறுக்கினால், எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பே எண்ணெய்ப் பம்ப் உடைந்துவிடும்.

எண்ணெயைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லத் தோன்றுகிறது. இந்தப் பெட்டிகளில் ஊற்றும் எண்ணெய் ஒரே சமயத்தில் விசையைக் கடத்தவும், வால்வுகளை நகர்த்தவும், பற்களுக்கு மசகிடவும், சூட்டை அகற்றவும், கிளட்ச் பிடிக்கும்போது வேண்டிய அளவு உராய்வை மட்டும் தரவும் கடமைப்பட்டது. அந்த உராய்வைப் பதப்படுத்த, பல ஆண்டுகள் திமிங்கிலக் கொழுப்பெண்ணெய் சேர்க்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் சட்டங்களால் அமெரிக்காவில் அது நின்றுபோக, வேதியியலாளர்கள் அதற்கு ஈடான பொருளைத் தேடி உருவாக்க வேண்டியிருந்தது. எந்த எண்ணெயை வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் பெரியவர் கோபப்படுவது நியாயமே.

இத்தனை அறிவுக்கும் கிடைக்கும் ஊதியத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது. அமெரிக்காவின் பல பட்டறைகளில் மெக்கானிக்குக் கூலி, அவர் உழைத்த மணிக்கல்ல. ஒவ்வொரு வேலைக்கும் கையேட்டில் இத்தனை மணி என்று எழுதியிருக்கும் கணக்குக்குத்தான். வேகமாகப் பூட்டுபவர் அதனால் லாபம் அடைகிறார். கூட்டில் கரைப்பானை ஊற்றிவிட்டு ஈரம் தோன்றுமா என்று காத்திருப்பவருக்கு அந்த நேரம் சொந்த நஷ்டம். கருவிகளையும் பெரும்பாலும் அவரவரே சொந்தக் காசில் வாங்குகிறார்கள். 1954இல் தொடங்கிய கியர்பெட்டி மறுசீரமைப்பாளர் சங்கமான அட்ரா, பயிற்சி வகுப்புகளும் தொழில்நுட்பக் கையேடுகளும் வழங்குகிறது. 1972இல் உருவான ஏஎஸ்இ அமைப்பு, தானியங்கி கியர்பெட்டிக்கென்று ஏ2 என்ற தனித் தேர்வை நடத்தித் தகுதிச் சான்று அளிக்கிறது. இரண்டும் நல்ல முயற்சிகள். ஆனால் காரணத்தைத் தேடும் நேரத்துக்குக் கூலி இல்லாத வரையில், சான்றிதழ் பெற்றவரும் நாளடைவில் தட்டை மாற்றுபவராகவே ஆக்கப்படுவார் என்று நினைக்கிறேன்.

இப்போதைய பெட்டிகளில் எட்டு, பத்து கியர்கள் வந்துவிட்டன. 2017 மாடல் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் லாரிகள் சிலவற்றில் பத்து கியர்ப் பெட்டி வந்தது. வால்வு பாடியோடு கணினியே சேர்ந்திருக்கும் பெட்டிகளும் உண்டு. மாற்றிய பிறகு மென்பொருளையும் புதிதாகப் பழக்க வேண்டும். அதனால் பல பட்டறைகள் பிரித்துப் பார்ப்பதையே விட்டுவிட்டு, ஆலையில் மறுசீரமைத்த முழுப் பெட்டியை வரவழைத்து மாட்டி, பழையதைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. உத்தரவாதம் கிடைக்கிறது, வண்டி விரைவில் வெளியே போகிறது. வாடிக்கையாளர் பார்வையில் அதில் தவறில்லை. ஆயினும் திரும்பிப் போன அந்தப் பெட்டியையும் எங்கோ ஒரு மேசையில் யாரோ ஒருவர் பிரித்து, ஏன் கருகியது என்று பார்த்தாக வேண்டும். கூலரைக் கழுவாமல் மாட்டிய பெட்டி எந்த ஆலையிலிருந்து வந்திருந்தாலும் நிலைக்காது.

ஆகவே கியர்பெட்டி வேலைக்கு இரண்டு பட்டறைகளில் விலை கேட்க நேர்ந்தால், தொகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். கன்வெர்ட்டர் மாற்றப்படுமா, கூலரைக் கழுவி ஓட்டம் பார்ப்பார்களா, வால்வு பாடியின் துளைகளை வெற்றிடத்தில் சோதிப்பார்களா என்று கேளுங்கள். பழைய பாகங்களைக் காட்ட முடியுமா என்றும், அது ஏன் பழுதானது என்றும் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளால் எரிச்சலடையமாட்டார். கருகிய தட்டைக் கையில் எடுத்து, அதற்கு எண்ணெய் வந்த வழி எது, அது எங்கே ஒழுகியது என்று உங்களை மேசைக்கருகே அழைத்துப் போய்க் காட்டுவார். அதற்காக அவர் சில நூறு டாலர்கள் கூடுதலாகக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.